செயின் சொல்லும் அளவு

2021 பிப்ரவரி 14 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த விழாவில் பிரதமர் இரண்டு காரியங்களைச் செய்தார். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட 9 கிலோமீட்டர் மெட்ரோ பாதையைத் தொடங்கிவைத்தார். ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியை ராணுவத்திடம் ஒப்படைத்தார். வடசென்னைக்கு அன்றைக்கு மெட்ரோதான் செய்தி. ஆனால் ஒரு டாங்கியைப் பெரிய மாதிரியாகத் தன் கையாலேயே கட்டி, ரேடியோவில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டும் ஒரே வரைபடத்தில் வரும். முழு டாங்கி பிறக்கும் ஊர் நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. மாதிரி டாங்கிக்கு வேண்டிய லேத், வெல்டிங், ஃபைபர் வேலை, காயலான் கடை எல்லாம் கிழக்கே, அந்த மெட்ரோ பாதையின் இரு பக்கமும் கிடக்கின்றன. அப்படியிருக்க, இந்தப் பொழுதுபோக்கை நாம் ஏன் இன்னமும் இறக்குமதிப் பெட்டிக்குள் தேடுகிறோம்? எதை வாங்க வேண்டும், எதை இங்கேயே செய்யலாம், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ரிமோட் டாங்கி என்றால் குழந்தை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் உண்டு. சோவியத் ராணுவம் டிடி-26 என்ற ரேடியோ டாங்கிகளை 1939-40 பின்லாந்துப் போரிலேயே இறக்கியது. ஆவடியில் உள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி நிறுவனம் ஆளில்லாமல் ஓடும் ‘முந்த்ரா’ என்ற செயின் வண்டியை 2017இல் வெளியில் காட்டியது. ஆக, முழு அளவு ரிமோட் செயின் வண்டியே நம் ஊரில் செய்தாகிவிட்டது. மாதிரிகளின் கதை தனி. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கியைக் கொண்டுவந்தபோது, உள்ளே பேட்டரியும் கியரும் அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதற்கேற்ப வெளி உடம்பை வரைந்தார்கள். கணக்குப் பார்த்தால் அது அசலில் 35இல் ஒரு பங்காக இருந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ராணுவ மாதிரிகளுக்கு 1/35 என்ற அளவு நிலைத்திருப்பது அந்தப் பேட்டரியின் தயவு. கையில் கிடைத்த பொருள்தான் அளவைத் தீர்மானித்தது; இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1974இல் அதே நிறுவனம் 1/16 அளவில் ரேடியோ ஷெர்மன் டாங்கியை விற்றது. பிறகு சீனாவின் ஹெங் லாங் அதே அளவை மலிவாக்கியது. பிரிட்டனின் ஆர்மர்டெக் 1/6 அளவில், முழுக்க உலோகத்தில், கிட்டாகவே தருகிறது.

பெரிய அளவு என்று எதைச் சொல்கிறோம் என்பதை ஆவடியில் செய்த ஒரு டாங்கியை வைத்தே பார்க்கலாம். டி-72, நம் ராணுவத்தில் ‘அஜேயா’. பீரங்கிக் குழலோடு நீளம் 9.53 மீட்டர், அகலம் 3.59 மீட்டர், எடை 41.5 டன். இதை 1/16 ஆக்கினால் நீளம் 60 சென்டிமீட்டர். மேசை மேல் உட்கார்ந்துவிடும். 1/6 ஆக்கினால் 1.59 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். எடைதான் ஆளை மிரட்டும். நீளம் ஆறில் ஒன்றாகும்போது எடை 216இல் ஒன்றாகிறது. அதன்படி 1/6 அஜேயா 192 கிலோ இருக்க வேண்டும். உள்ளே கூடாக விடுவதால் கட்டி முடிக்கும்போது பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டி நிற்கும். வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தன வீடுகளின் மாடிப்படியை அறிந்தவர்கள் இந்த இடத்திலேயே யோசிப்பார்கள். தரைத்தளத்தில் இடமில்லாதவர் 1/6 பக்கம் போகக் கூடாது என்பது என் கட்சி. கழற்றி மாட்டும் டரட், இரண்டாகப் பிரியும் உடம்பு என்றெல்லாம் சொல்வார்கள். கீழ்ப்பெட்டி மட்டுமே இரண்டு ஆள் சுமை.

எடையோடு வரும் இன்னொரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. சின்ன டாங்கி ஓடும்போது படபடவென்று துள்ளும். பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். அதற்குக் காரணம் பெயின்டோ வேலைப்பாடோ அல்ல. புவியீர்ப்பு மட்டும் அளவோடு குறைவதில்லை. 1/6 வண்டி அசலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு விரைவாகக் குலுங்கும், 1/16 வண்டி நான்கு மடங்கு. மாதிரி பெரிதாகப் பெரிதாகக் கனம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. பெரிய அளவு மேல் இத்தனை மோகம் இருப்பது இதனால்தான். ஸ்பிரிங்கை மெத்தென்று வைத்து, மோட்டார் மெதுவாக வேகமெடுத்து மெதுவாக நிற்கும்படி கன்ட்ரோலரை அமைத்தால் மீதிக் குறையும் பாதி மறையும்.

இனி வாங்குவதா, செய்வதா? சுங்கத் தீர்வைப் பட்டியலில் பொம்மைகளுக்கான 9503 என்ற தலைப்பின் கீழேயே அளவு மாதிரிகளும் வருகின்றன. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. அந்தத் தலைப்புக்கு 2020 பட்ஜெட்டில் அடிப்படைத் தீர்வை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. போதாததற்கு 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற வந்த சட்டங்கள் இவை. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் 50 வயதுக்காரர் வரவழைக்கும் இரும்பு டைகர் டாங்கியும் மூன்று வயதுக் குழந்தையின் கிலுகிலுப்பையும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதும் உண்மை. பல ஆயிரம் பவுண்ட் விலையுள்ள ஒரு கிட்டுக்கு இந்தத் தீர்வையையும் கப்பல் கூலியையும் கட்டுவதானால், அதே பணத்தில் இங்கே ஒரு பழைய லேத்தே வாங்கிவிடலாம்.

நடுவழி ஒன்று உண்டு: 1/16 அளவில் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்வது. புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஹெங் லாங்கின் டி-90 கிடைத்தால் அதை நம் ‘பீஷ்மா’ ஆக்கலாம். ரஷ்ய டி-90இல் குழலின் இரு பக்கமும் சிவப்புக் கண்கள் மாதிரி இரண்டு விளக்குகள் இருக்கும். எதிரி ஏவுகணையைத் திசைதிருப்பும் ஷ்தோரா அமைப்பின் பாகம். இந்தியாவுக்கு வந்த டி-90எஸ்ஸில் அது கிடையாது. அந்த இடத்தில் வெடிகவசக் கட்டிகள் இருக்கும். ஆக, சிவப்புக் கண்ணை வழித்தெடுத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் கட்டிகள் வெட்டி ஒட்டினால் மாஸ்கோ அணிவகுப்பு டாங்கி ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மாறிவிடும். உள்ளேயும் கை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கியரைக் கழற்றி ஸ்டீல் கியர்பாக்ஸ், பிளாஸ்டிக் செயினுக்குப் பதில் உலோகச் செயின், புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங். இதை இந்த வரிசையில் செய்யாமல் முதலில் உலோகச் செயினை மாட்டியவர்களின் பிளாஸ்டிக் கியர் சீக்கிரமே பல்லிளித்துவிடும்.

இனி முழுக்க நாமே கட்டும் வழி. அளவெடுக்க ஆவடி தொழிற்சாலை வாசலில் கேமராவோடு நிற்காதீர்கள். அது தடைசெய்யப்பட்ட இடம். வெளியான புத்தகங்களும் வரைபடங்களும் போதும். நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றால் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) ராணுவம் நடத்தும் டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. எந்த டாங்கி? 1965இல் ஆவடியிலிருந்து வெளிவந்து 1971 போரில் நின்ற விஜயந்தா மேல் எனக்குத் தனிப் பிரியம். அர்ஜுன் என்றால் டரட் தட்டையான தகடுகளால் ஆனது. லேசரில் வெட்டி, மடித்து, வெல்டு வைத்தால் வேலை முடிந்தது. அடிப்பாகம்தான் தொல்லை: பக்கத்துக்கு ஏழு சக்கரம், எல்லாம் எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன். அஜேயாவில் நிலைமை தலைகீழ். பக்கத்துக்கு ஆறே சக்கரம், எளிமையான டார்ஷன் பார்; ஆனால் டரட் வார்த்தெடுத்த, உருண்டு திரண்ட வடிவம். தகட்டில் அது வராது.

அந்த உருண்டை டரட்டுக்கு விடை காசிமேட்டில் இருக்கிறது. அங்கே ஃபைபர் படகு கட்டுகிறவர்களுக்கும் ஒட்டுப்போடுகிறவர்களுக்கும் வளைவுதான் தொழில். தெர்மாகோலைச் செதுக்கி, பட்டி பூசித் தேய்த்து ஒரு மூலவடிவம் செய்து கொண்டுபோனால், மெழுகு தடவி, ஜெல்கோட் அடித்து, மேட்டும் ரெசினுமாக நான்கு மில்லிமீட்டர் கனத்தில் அச்சு எடுத்துவிடுவார்கள். அலையடி தாங்கும் பொருளுக்கு ஒரு மாதிரி டரட் பெரிய காரியமா? த்ரீ-டி பிரின்டிங் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். சின்னச் சின்னப் பாகங்களுக்குச் சரி. ஆனால் பெரும்பாலோர் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில், கரும்பச்சை அடித்து, மூடிய காருக்குள் ஒரு மதியம் வைத்துப் பாருங்கள், பீரங்கி தலைகுனிந்துவிடும். பெட்ஜி, ஏபிஎஸ் என்று போனால் தாங்கும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வருகிறது: செயின். பொக்லைனைச் ‘செயின் வண்டி’ என்று சொல்லும் நம் வழக்கப்படியே சொல்கிறேன். மாதிரி டாங்கி கட்டுவது என்பது முக்கால்வாசி செயின் கட்டுவதுதான். டி-72க்கு ஒரு பக்கச் செயினில் 97 கட்டைகள். ஒவ்வொன்றும் 137 மில்லிமீட்டர் இடைவெளி. 1/6 அளவில் அது 22.8 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 194 கட்டை, ஒவ்வொன்றிலும் பின் நுழையும் ஓட்டை. ஓட்டை ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கச் செயின் 9.7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். கிட்டத்தட்ட அரைக் கட்டை. பல் சக்கரத்தில் பல் உட்காராது, திரும்பும்போது செயின் கழன்று விழும். முன்னால் உள்ள ஐட்லர் சக்கரத்தை நகர்த்தி இழுத்துப் பிடிக்கும் வசதி இல்லாமல் கட்டிய டாங்கி கண்காட்சிக்குத்தான் ஆகும்.

கட்டைகளை எப்படிச் செய்வது? அலுமினியத்தில் வார்க்கலாம். மரத்தில் ஒரு பேட்டர்ன் செய்து பவுண்டரியில் கொடுத்தால் மணல் அச்சில் ஊற்றித் தருவார்கள். ஆனால் 194 கட்டையிலும் இரண்டு ஓட்டைகள் ஒன்றுக்கொன்று இணையாக விழ, ட்ரில்லிங்குக்குத் தனியாக ஒரு ஜிக் செய்தாக வேண்டும். ஜிக் இல்லாமல் கையால் ஓட்டை போட்டால் செயின் ஒரு பக்கமாக வளைந்து வில் மாதிரி நிற்கும். லேசரில் வெட்டிய தகடுகளை அடுக்கி, குழாய்த் துண்டு வைத்து வெல்டு அடிப்பது இன்னொரு வழி. அழகாக வரும், கூலி ஏறும். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அது பைக் செயின்.

நம் தெருவில் ஓடும் பல பைக்குகளில் இருப்பது 428 செயின். அதன் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். இரண்டு லிங்க்குக்கு ஒரு பட்டை என்று குறுக்கே வெல்டு வைத்தால் கட்டை இடைவெளி 25.4. நமக்கு வேண்டியது 22.8, பொருந்தவில்லை. இங்கேதான் டாமியா செய்ததைச் செய்ய வேண்டும். செயினை மாற்றாதீர்கள், அளவை மாற்றுங்கள். 137ஐ 25.4ஆல் வகுத்தால் 5.4. உங்கள் அஜேயா 1/5.4 ஆகிவிட்டது. நீளம் 1.77 மீட்டர், அகலம் 66 சென்டிமீட்டர். எந்தப் பட்டியலிலும் இல்லாத அளவுதான். ஆனால் உடையும் ஒவ்வொரு லிங்க்கும் பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும். பக்கத்துக்கு இரண்டு வரிசையாக மொத்தம் பத்து மீட்டரை ஒட்டிச் செயின் வேண்டும். ஏறக்குறைய ஏழு பைக்கின் செயின். மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட பழைய செயினைச் சும்மா தருவார்கள், வாங்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு நீண்டிருக்கும். இரண்டு வரிசையும் ஒத்துப்போகாமல் பட்டை கோணலாக ஓடும். புதுச் செயினில் புஷ்ஷும் பின்னும் கடினமாக்கப்பட்டவை என்பதால் வீட்டில் செய்த கட்டையைவிட வெகுகாலம் தேயாமல் உழைக்கும். பட்டையின் நடுவில் கொம்பு மாதிரி ஒரு துண்டை நிறுத்தி வெல்டு வைக்க மறக்கக் கூடாது. இரட்டைத் தட்டுச் சக்கரத்தின் நடுவில் அது ஓடினால்தான் செயின் வழுவாமல் நிற்கும்.

சக்கரத்துக்கு லேத் பட்டறை. டி-72 சக்கரத்தின் விட்டம் 750 மில்லிமீட்டர், 1/5.4இல் 139. ஒரு சக்கரத்துக்கு இரண்டு தட்டு, பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஆக 24 தட்டு. இந்த வேலையோடு பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ஏதாவது ஒரு பட்டறையில் போய் நின்றால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“எத்தினி பீஸு தம்பி?”

“இருபத்திநாலுண்ணே.”

“மாசாமாசம் வருமா?”

“இல்லண்ணே, ஒரே தபாதான்.”

“அப்ப ஞாயித்துக்கெழம வந்து பாரு. ஜாப் இல்லன்னா போட்டுத் தரேன்.”

டர்னர் அலட்சியம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். சக்கில் தட்டைப் பிடித்து, மையம் பார்த்து, டூலை அமைத்து முதல் தட்டை முடிப்பதற்குள் அரைப்பொழுது போய்விடும். பிறகு வரும் தட்டுகள் மளமளவென்று விழும். நூறு பீஸ் என்றால் அந்த அரைப்பொழுது நூறாகப் பங்காகும். 24இல் அது முழுக்க அவர் தலையில் விடிகிறது. இதைப் புரிந்துகொண்டு, அளவுகளைக் காகிதத்தில் மில்லிமீட்டரில் எழுதி, எந்த ஓட்டை பேரிங்குக்கு, எது சும்மா என்று குறித்துக் கொடுத்தால் பாதிப் பேச்சு மிச்சம். சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்குக் காயலான் கடையில் கிடைக்கும் கன்வேயர் பெல்ட் துண்டை வளையமாக வெட்டி ஒட்டலாம். ரப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது: எம்ஆர்எஃப் நிறுவனம் 1946இல் அந்த மெட்ரோ பாதையில் உள்ள திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொழிலைத் தொடங்கியது. பொம்மையிலிருந்து போர் விமான டயர் வரை போனவர்கள் இந்த மண்ணில் ஏற்கெனவே உண்டு.

மோட்டார் விஷயத்தில் எல்லோரும் வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். போட வேண்டியது திருப்பத்தை. 100 கிலோ டாங்கி மண் தரையில் நேராகப் போக ஏறக்குறைய 10 கிலோ இழுவிசை போதும். நின்ற இடத்தில் திரும்ப, செயின் முழு நீளமும் மண்ணைப் பக்கவாட்டில் அரைக்க வேண்டும். டி-72இல் தரையில் படியும் செயின் நீளம், இரு செயின்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைப்போல ஒன்றரை மடங்கு. அதை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு செயினுக்கும் 22 கிலோ, இரண்டுக்கும் 45 கிலோ இழுவிசை வேண்டும். நேர் ஓட்டத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல். நேராக ஜம்மென்று ஓடிவிட்டு முதல் திருப்பத்திலேயே புகைவிடும் மாதிரிகள் எல்லாம் இந்தக் கணக்கில் தவறியவைதான். கியரோடு வரும் 24 வோல்ட் 250 வாட் மின்சைக்கிள் மோட்டார், நிமிடத்துக்கு 300 சுற்றில் 8 நியூட்டன்-மீட்டர் முறுக்கு தரும். 14 பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டில் நமக்கு வேண்டியது 12க்குச் சற்று மேல். இடையில் ஒன்றரை மடங்கு குறைக்கும் செயின் செட் ஒன்றை வைத்தால் கணக்கு நேராகும். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் போகும். அதற்கு மேல் வேகம் வேண்டவும் வேண்டாம். டரட்டைச் சுற்ற கார் வைப்பர் மோட்டார் அருமை: அதிலுள்ள வார்ம் கியர், மோட்டாரை நிறுத்தியதும் பூட்டிக்கொள்ளும், குழல் தன் எடையில் ஆடாது.

எலக்ட்ரானிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் இறங்கினால் பெரும்பாலும் முடிந்துவிடும். உரிமம் வேண்டாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஆறு சேனல். இரண்டு மோட்டாரையும் கலந்து ஓட்டும் சேபர்டூத் போன்ற கன்ட்ரோலர். யுபிஎஸ் பேட்டரி இரண்டு, தரையோடு தரையாக. லித்தியம் வேண்டாமா என்றால், இங்கே எடை குறைய வேண்டிய அவசியமே இல்லை. ஈயம் கீழே இருந்தால் டாங்கி நன்றாக உட்காரும். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்க வேண்டும், டாங்கியின் முதுகில் கைக்கு எட்டும் இடத்தில் பெரிய சிவப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும். 100 கிலோ இரும்பு ஒரு குழந்தையின் காலில் ஏறினால் அதற்குப் பிறகு அது மாதிரி அல்ல. குழலில் பந்து சுடும் பொறி வைக்கவும் வேண்டாம். 1/16 உலகில் அகச்சிவப்புக் கதிரால் சுட்டு மோதிக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, அதையே இதற்கும் மாட்டலாம்.

ஓட்டும் இடம் என்றதும் எல்லோருக்கும் கடற்கரை நினைவு வரும். எண்ணூர் மணலில் ஒரு அரைமணி ஓட்டினால் படம் நன்றாக வரும், பேரிங்குகள் போய்விடும். உப்பு மணல் பின்னுக்குள் புகுந்தால் அது அரத்தூள்தான். மைதானத்துச் செம்மண்ணில் ஓட்டி, வீட்டுக்கு வந்ததும் ஏர் அடித்து, செயினில் எண்ணெய் துடைத்து வையுங்கள். இந்தப் பக்கத்து உப்புக் காற்றில் வெளிப் பட்டை தானே துருப்பிடித்து, அசல் டாங்கிச் செயின் நிறத்துக்கு வந்துவிடும். மற்ற ஊரில் அதற்காகப் பெயின்ட் அடிப்பார்கள்.

மிச்சமிருக்கும் முடிச்சு அந்த 24 பீஸ். தனி ஆளாக நின்றால் லேத்காரருக்கும் லாபமில்லை, பவுண்டரிக்காரருக்கும் லாபமில்லை, ஃபைபர் அச்சும் ஒரே டரட்டோடு வீணாகும். ஐந்து பேர் சேர்ந்தால் 120 தட்டு, ஒரே அச்சில் ஐந்து டரட். அப்போது கூலி பேசலாம். வெளிநாட்டுக் கிட் நிறுவனங்கள் செய்வதும் இதுதான்: ஆர்டர்களைச் சேர்த்து ஒரே தடவையில் பாகங்களைப் போடுவது. ஆனால் ஐந்து பேருக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 1/6, இன்னொருவர் 1/5.4 என்று கிளம்பினால் தட்டின் விட்டம் மாறும், ஆர்டர் உடையும். அதனால் முதல் கூட்டத்தில் எந்த டாங்கி, என்ன நிறம் என்று பேசிக்கொண்டிருக்காமல் செயினை முடிவு செய்துவிடுவது நல்லது. 428 என்றால் 1/5.4; டாடா ஏஸில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். 520 செயினுக்குப் போனால் 1/4.3, நீளம் 2.2 மீட்டர், எடையும் அதற்கேற்ப ஏறும். அதற்கு ஐந்து பேர் போதாது.